பல்ஸ் ஜெனரேட்டர் கணினிக்குப் பதில் சொல்ல மறுக்கிறது

புதுத்துடிப்பு – திங்கள், இரவு 9.10

வணக்கம். முனைவர் பட்ட ஆய்வில் முதலாண்டில் இருக்கிறேன். நிரல் எழுதத் தெரியும் என்று துணிந்து சொல்ல மாட்டேன். பைத்தானில் ஒரு கோப்பைத் திறந்து, எண்களைப் படித்து, வரைபடம் போடுவேன். என் வித்தை அத்துடன் தீர்ந்தது.

எங்கள் ஆய்வகத்தில் நியோடிமியம் யாக் லேசரைச் செப்புத் தகட்டின் மேல் குவிக்கிறோம். நொடிக்குப் பத்து முறை சுடும். ஒவ்வொரு முறையும் தகட்டிலிருந்து ஒரு சிறு பிளாஸ்மா எழுந்து அடங்கும். பிறந்த கணத்தில் அது கக்குவது வெறும் வெள்ளொளி. சற்றுப் பொறுத்தால்தான் செம்பின் பச்சைக் கோடுகள், 510.6, 515.3, 521.8 நானோமீட்டரில், தலைகாட்டும். எவ்வளவு பொறுத்துக் கேமராவின் கண்ணைத் திறப்பது என்பதைப் பார்த்துக்கொள்வது ஸ்டான்ஃபோர்டு ரிசர்ச் சிஸ்டம்ஸின் டி.ஜி. 535 என்ற பல்ஸ் ஜெனரேட்டர். என்னைவிட வயதில் மூத்த பெட்டி. லேசர் தரும் ட்ரிக்கரை, அதாவது தொடங்கச் சொல்லும் மின்துடிப்பை, வாங்கிக்கொண்டு ஏபி என்ற வெளியீட்டிலிருந்து ஒரு பல்ஸ் அனுப்பும். அந்தப் பல்ஸ் மேலே இருக்கும் நேரம் வரை கேமரா பார்க்கும்.

இதுவரை தாமதத்தைக் கையால்தான் தட்டி வந்தேன். 0.2 மைக்ரோ நொடியிலிருந்து 5 வரை, 0.2 இடைவெளியில் 25 தாமதங்கள். ஒவ்வொன்றும் மூன்று சுற்று. எழுபதைத் தாண்டும்போது திரையில் இருக்கும் சைபர்கள் எல்லாம் எறும்பாக ஊர ஆரம்பித்துவிடும். அதனால் கணினியிடம் ஒப்படைக்கலாம் என்று நினைத்தேன்.

கருவியின் முதுகில் இருப்பது ஜி.பி.ஐ.பி. என்ற பழைய இணைப்புப் பாதை. அலமாரியில் கிடந்த ஜி.பி.ஐ.பி. – யு.எஸ்.பி. மாற்றியை எடுத்து மாட்டினேன். கருவிகளோடு பேச உதவும் பைத்தான் நூலகமான பைவைசாவை நிறுவினேன். இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைக் கேட்டால் முகவரி 15 தெரிகிறது. கருவியிலும் 15தான் வைத்திருக்கிறேன். ஆனால் எல்லாப் பாடங்களிலும் முதலில் கேட்கச் சொல்லும், கருவியின் பெயரைக் கேட்கும் அந்தக் கேள்வி, நட்சத்திரக் குறியும் ஐ.டி.என்.னும் கேள்விக்குறியும், அதை அனுப்பினால் இரண்டு நொடி மௌனம், பிறகு டைம் அவுட். கேபிளை மாற்றினேன். கணினியை அணைத்து இயக்கினேன். மூன்று நாள் போய்விட்டது. மாற்றி பழுதா, கருவி பழுதா, நான் பழுதா?

பாம்புப்பிடாரன் – திங்கள், இரவு 9.32

பட்டியலில் முகவரி தெரிகிறது என்றால் மாற்றியும் கேபிளும் நன்றாகத்தான் இருக்கின்றன. இரண்டு நொடி என்பது பைவைசா இயல்பாகக் காத்திருக்கும் நேரம், 2000 மில்லி நொடி. அதைப் பத்தாயிரமாக்கிப் பாருங்கள். வரி முடிவுக் குறிகளையும் கவனியுங்கள்: நாம் அனுப்பும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் பைவைசா சி.ஆர்., எல்.எஃப். இரண்டையும் தானே ஒட்டிவிடும். சில கருவிகளுக்கு அது பிடிக்காது.

புதுத்துடிப்பு – திங்கள், இரவு 9.50

பத்தாயிரம் வைத்தேன். இப்போது பத்து நொடி மௌனம்.

பழைய சாலிடர் – திங்கள், இரவு 11.05

தம்பி, யாரும் பழுதில்லை. நீங்கள் பெயர் கேட்கும் மொழி அந்தப் பெட்டிக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஜி.பி.ஐ.பி. என்கிற இந்தப் பாதையை ஹியூலட் பேக்கார்டு நிறுவனம் 1960களின் இறுதியில் தன் கருவிகளுக்காக உருவாக்கியது. 1975இல் அது ஐ.இ.இ.இ. 488 என்ற தரநிலை ஆயிற்று. அந்தத் தரநிலை கம்பிகளோடு நின்றுவிட்டது. 24 முனை இணைப்பான், தரவுக்கு எட்டுக் கம்பி, கைகுலுக்க மூன்று, நிர்வாகத்துக்கு ஐந்து, ஒரு பாதையில் அதிகம் போனால் 15 கருவிகள், மொத்தக் கேபிள் 20 மீட்டர். அந்தக் கம்பி வழியே என்ன பேசுவது என்று அது சொல்லவில்லை. தபால்காரர் வந்துவிட்டார், உறையின் அளவும் முடிவாகிவிட்டது, உள்ளே கடிதம் எந்த மொழியில் என்பது மட்டும் அவரவர் பாடு. நட்சத்திரம் போட்ட பொதுக் கட்டளைகள் 1987இல் 488.2 என்ற அடுத்த தரநிலை வந்த பிறகுதான் வந்தன. 1990இல் ஸ்கிப்பி என்ற தரநிலை வந்து மற்றக் கட்டளைகளுக்கும் ஒரு பொது இலக்கணம் வைத்தது. டி.ஜி. 535 அந்த இலக்கணத்துக்குள் அடங்காத பிறவி. அதற்குத் தெரிந்தவை இரண்டெழுத்துக் கட்டளைகள்.

டி.டி. என்றால் தாமதம். டி.எம். என்றால் ட்ரிக்கர் எங்கிருந்து: 0 உள்ளேயிருந்து, 1 வெளியேயிருந்து, 2 ஒற்றைச் சுடல். டி.இசட். என்றால் வெளியீட்டின் சுமை. இ.எஸ். என்றால் பிழை நிலை. நான் தமிழில் எழுதிவிட்டேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். அப்படியே தட்டிவிட்டு இன்னும் மூன்று நாள் தொலைக்க வேண்டாம்.

சேனல்களுக்கு எண் உண்டு. டி-சைபருக்கு, அதாவது கருவி தாமதத்தை எண்ணத் தொடங்கும் கணத்துக்கு, 1, ஏ-வுக்கு 2, பி-க்கு 3, ஏபி-க்கு 4, சி-க்கு 5, டி-க்கு 6, சிடி-க்கு 7. "டி.டி. 2" என்று மட்டும் அனுப்பிவிட்டுப் படியுங்கள். மதிப்பு கொடுக்காவிட்டால் அதுவே கேள்வி, கேள்விக்குறி வேண்டியதில்லை.

நான் இந்தக் கம்பியில் முதலில் வேலை செய்தது எச்.பி.-85இல். 1980இல் வந்த கணினி. ஐந்து அங்குலத் திரை, வரிக்கு 32 எழுத்து, தலையிலேயே வெப்பக் காகித அச்சுப்பொறி. நிரல் சரியாக ஓடாவிட்டால் அதை அச்சடித்துக் கிழித்துக்கொண்டு டீக்கடைக்குப் போய் உட்கார்ந்து படிப்போம். பாதிப் பிழை டீ ஆறுவதற்குள் கிடைத்துவிடும்.

புதுத்துடிப்பு – செவ்வாய், காலை 10.20

பேசிவிட்டது! "1, +0.000001000000" என்று வந்தது. ஆய்வகத்தில் தனியாக இருந்ததால் கைதட்டியதை யாரும் பார்க்கவில்லை.

ஐயா, தம்பி இல்லை, தங்கை. இரண்டாவது எண் தாமதம், 1 மைக்ரோ நொடி என்று புரிகிறது. முதலில் வரும் அந்த 1 என்ன?

பழைய சாலிடர் – செவ்வாய், பகல் 12.40

மன்னியுங்கள் அம்மா, எங்கள் காலத்துப் பழக்கம்.

அந்த 1 டி-சைபர். "ஏ = டி-சைபர் + 1 மைக்ரோ நொடி" என்று கருவி சொல்கிறது. எந்தச் சேனலையும் டி-சைபரோடும் கட்டலாம், இன்னொரு சேனலோடும் கட்டலாம். அனுப்பும்போதும் அதே வரிசை: டி.டி., எந்தச் சேனல், எதனோடு கட்டுவது, எத்தனை நொடி. இதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

ஐம்பது ஓம் – செவ்வாய், பகல் 1.15

குறுக்கிடுகிறேன். கேமராவின் கேட் உள்ளீடு, அதாவது அதன் கண்ணைத் திறக்கும் பல்ஸ் போகும் முனை, 50 ஓமா, அதிக மின்தடையா என்று முதலில் பாருங்கள். கருவியிடம் "சுமை 50 ஓம்" என்று சொல்லிவிட்டு, மறுமுனையில் டெர்மினேட்டர் என்ற 50 ஓம் மின்தடை இல்லாமல் விட்டால் 4 வோல்ட் எதிர்பார்த்த இடத்தில் 8 வோல்ட் வரும். கையால் தட்டும்போது இதை யாரும் அடிக்கடி மாற்ற மாட்டார்கள். நிரலில் ஒரு எண் பிசகினால் மாறிவிடும். டி.இசட். கட்டளையை நிரலில் சேர்க்கவே வேண்டாம் என்பேன். ஒரு முறை கையால் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

ஓசிலோ – செவ்வாய், பகல் 1.48

நானும் இதே வகைக் கேமராவோடு குப்பை கொட்டுகிறவள். ஐம்பது ஓம் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் தங்கை. நிரல் பழகும் நாட்களில், கேமராவுக்குள் ஒளியைப் பெருக்கும் குழாயான இமேஜ் இன்டென்சிஃபயரின் பெருக்கத்தைச் சைபருக்கு இறக்கிவிடுங்கள், லேசரையும் அணைத்துவிடுங்கள். மைக்ரோ நொடி என்று நினைத்து மில்லி நொடி அனுப்பினால் கேட் ஆயிரம் மடங்கு நேரம் திறந்திருக்கும். அறை விளக்கு எரிந்துகொண்டிருந்தால் போதும், குழாயின் ஆயுள் குறையும். நிரலில் பிழை விடுவது கற்பதற்கான செலவு. அந்தக் குழாயின் விலை நம் உதவித்தொகைக்குள் அடங்காது.

லேசருக்குப் பதில் இன்னொரு சாதாரணப் பல்ஸ் ஜெனரேட்டரிலிருந்து 10 ஹெர்ட்ஸ் ட்ரிக்கர் கொடுங்கள். டி.ஜி. 535க்கு வித்தியாசம் தெரியாது.

பாம்புப்பிடாரன் – செவ்வாய், இரவு 8.05

இப்போது என் பக்கம். தாமதத்தை 0.0000002 என்று தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் 0.0000002 கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பைத்தானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். பைத்தானைத் திட்ட வேண்டாம். இரும எண்ணில் 0.1ஐ முழுமையாக எழுத முடியாது, பெரும்பாலான மொழிகளிலும் இதே கதைதான். கருவிக்கு இந்த வாலை அனுப்புவானேன்? தாமதத்தை நானோ நொடியில் முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள், 200, 400, 600 என்று. அனுப்பும் கணத்தில் மட்டும் நொடியாக மாற்றி, பன்னிரண்டு தசம இடத்தோடு எழுதுங்கள்.

நிரலின் எலும்புக்கூடு:

எழுது: டி.எம். 1
ஒவ்வொரு தாமதத்துக்கும், 200 முதல் 5000 வரை, 200 படியாக:
எழுது: டி.டி. 2, 1, தாமதத்தை நூறு கோடியால் வகுத்த எண்
கேள்: இ.எஸ்.; சைபர் வராவிட்டால் நில்
கேள்: டி.டி. 2, வந்ததை நேரத்தோடு கோப்பில் எழுது
கால் நொடி பொறு
கேமராவைத் தொடங்கு, 50 சுடல் முடியும் வரை காத்திரு
எப்படி முடிந்தாலும் கடைசியில் எழுது: டி.எம். 2

கால் நொடி எதற்கு என்றால், நீங்கள் தாமதத்தை மாற்றும்போதும் லேசர் சுட்டுக்கொண்டேதான் இருக்கிறது. மாறும் நேரத்தில் வரும் ஓரிரண்டு ட்ரிக்கர் பழைய தாமதத்தோடு போகலாம், தவறியும் போகலாம். அவை தீர்ந்த பிறகு கேமரா எண்ணத் தொடங்கட்டும். கடைசி வரியைப் பைத்தானின் ஃபைனலி பகுதியில் வையுங்கள். நடுவில் நிரல் செத்தாலும் பெட்டி ஒற்றைச் சுடல் நிலைக்குப் போய் வாயை மூடிக்கொள்ளும்.

புதுத்துடிப்பு – புதன், மாலை 6.30

ஓடுகிறது! 25 தாமதம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து நொடி, மொத்தம் இரண்டரை நிமிடத்துக்குள். நேற்று வரை இதற்கு ஒரு முற்பகல் போகும். ஓசிலோ அக்கா சொன்னபடி லேசர் இல்லாமல் பழகிவிட்டு, இன்று மாலைதான் லேசரோடு ஓட்டினேன். அனைவருக்கும் நன்றி.

ஐம்பது ஓம் – புதன், மாலை 6.41

வாழ்த்துகள். கேமராவுக்குப் போகும் பல்ஸை ஆசிலாஸ்கோப்பில் பார்த்துவிட்டீர்கள்தானே?

புதுத்துடிப்பு – வியாழன், இரவு 7.15

நேற்று நன்றி சொன்னது அவசரமோ என்று தோன்றுகிறது.

521.8 கோட்டின் செறிவைத் தாமதத்துக்கு எதிராக வரைந்தேன். 0.2 மைக்ரோ நொடியில் அதிகமாகத் தொடங்கி, 2 வரை சரசரவென்று இறங்குகிறது. அதுவரை சரி. 2க்குப் பிறகு ஏறுகிறது! மெல்ல ஏறி, 4 அருகே சமதளமாகி, 5 வரை அப்படியே போகிறது. மூன்று சுற்று எடுத்தேன், மூன்றும் ஒரே மாதிரி. பிளாஸ்மா அடங்கிய பிறகு மறுபடி எழுந்திருக்குமா?

கருவியின் பிழை நிலை 25 முறையும் சைபர். திரும்பக் கேட்ட தாமதமும் நான் அனுப்பியதேதான், கடைசி இலக்கம் வரை.

நான்காம் நிலை – வியாழன், இரவு 7.58

ஏன் எழுந்திருக்கக் கூடாது? பிளாஸ்மா குளிரும்போது செம்பு அயனிகள் எலக்ட்ரான்களைச் சேர்த்துக்கொண்டு நடுநிலை அணுக்களாகின்றன, மறு இணைவு என்பது இதுதான். நீங்கள் பார்க்கும் 521.8 நடுநிலை அணுவின் கோடு. ஆகவே அயனிக் கோடுகள் மங்கும் நேரத்தில் இது வலுப்பது இயல்பு. தொடக்கத்தில் தெரியும் இறக்கம் பின்னணி வெள்ளொளியின் எச்சமாக இருக்கலாம், பின்னணியைக் கழித்தீர்களா? பிளாஸ்மா தன் ஒளியைத் தானே விழுங்கும் சுய உறிஞ்சலையும் பாருங்கள். சுவையான தரவு, விட்டுவிடாதீர்கள்.

புதுத்துடிப்பு – வியாழன், இரவு 8.10

பின்னணி கழித்துவிட்டேன். மறு இணைவு என்றால் வழிகாட்டியிடம் காட்டலாமா? நாளை காலை அவரைச் சந்திக்க வேண்டும்.

ஓசிலோ – வியாழன், இரவு 8.26

கொஞ்சம் பொறுங்கள் தங்கை. மறு இணைவு உண்மைதான். ஆனால் பத்து நாள் முன்பு கையால் தட்டி எடுத்த தரவு உங்களிடம் இருக்குமே? அதில் இந்த மேடு இருந்ததா?

புதுத்துடிப்பு – வியாழன், இரவு 8.40

இல்லை. கையால் எடுத்ததில் கடைசி வரை இறங்கிக்கொண்டேதான் போகிறது.

ஓசிலோ – வியாழன், இரவு 8.44

அதே தகடு, அதே லேசர். நிரல் மட்டும்தான் புதிது. அப்படியானால் பிளாஸ்மாவை நாளைக்குப் பார்க்கலாம். நிரலை இன்று பாருங்கள்.

ஐம்பது ஓம் – வியாழன், இரவு 8.47

நான் நேற்றுக் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஆசிலாஸ்கோப்.

புதுத்துடிப்பு – வியாழன், இரவு 11.30

பார்க்கவில்லை. திரும்பக் கேட்ட எண் சரியாக இருந்ததால் போதும் என்று நினைத்துவிட்டேன். இப்போது பார்த்தேன்.

கேமராவிலிருந்து கேபிளைக் கழற்றி ஆசிலாஸ்கோப்பின் இரண்டாவது சேனலில் மாட்டினேன், 50 ஓம் வைத்து. முதல் சேனலில் டி-சைபர். லேசர் அணைத்துவிட்டு, பொய் ட்ரிக்கர் கொடுத்து, ஒவ்வொரு தாமதத்திலும் இரண்டு நொடி நிற்கும்படி நிரலை ஓட்டினேன்.

ஏபி பல்ஸ் அகலமாகத் தொடங்கியது. 0.2இல் ஏறி 2இல் இறங்கியது. அடுத்த தாமதத்தில் ஏறும் விளிம்பு வலப்பக்கம் ஒரு கட்டம் நகர்ந்தது, இறங்கும் விளிம்பு அசையவில்லை. இப்படியே ஒவ்வொரு அடியாக, கதவைச் சாத்துவதுபோல, பல்ஸ் ஒடுங்கிக்கொண்டே வந்தது. 1.8இல் ஒரு கீற்று. 2.0இல் ஒன்றுமில்லை, தட்டையான கோடு. 2.2இல் மறுபடி ஒரு கீற்று முளைத்தது. பிறகு ஏறும் விளிம்பு 2இலேயே நின்றுகொள்ள, இறங்கும் விளிம்பு வலப்பக்கம் ஓடத் தொடங்கியது. 5இல் பல்ஸின் அகலம் 3 மைக்ரோ நொடி.

கருவியின் திரையில் பி சேனலைப் புரட்டிப் பார்த்தேன். "பி = டி + 0.000002000000". அந்த "டி", அதாவது டி-சைபர், இருக்கும் இடத்தில் "ஏ" இருந்திருக்க வேண்டும்.

என்ன செய்தேன் என்று இப்போது புரிகிறது. கையால் தட்டிய நாட்களில், எனக்கு முன்னால் இருந்த அண்ணன் யாரோ பி-யை ஏ-வோடு கட்டி வைத்திருந்தார். நான் ஏ-வை மட்டும் மாற்றினேன், பி குட்டிபோலப் பின்னாலேயே வந்தது. நிரல் எழுதும்போது எல்லாவற்றையும் டி-சைபரிலிருந்தே எழுதுவது ஒழுங்காக இருக்கும் என்று நினைத்து, தொடக்கத்தில் "டி.டி. 3, 1, 0.000002" என்று ஒரு வரி சேர்த்தேன். அதை உங்களிடம் சொல்லவும் இல்லை. அது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2.0 மைக்ரோ நொடியில் கேமரா முழுக் கறுப்பாக வந்தது. கேமரா ஒரு முறை தவறவிட்டது என்று நினைத்து அந்தப் புள்ளியை அட்டவணையிலிருந்து நீக்கிவிட்டுத்தான் வரைந்தேன். மூன்று சுற்றிலும் அது அதே இடத்தில்தான் "தவறவிட்டது".

பழைய சாலிடர் – வெள்ளி, காலை 6.10

அந்த 25 புள்ளிகளில் உண்மை பேசியது அந்த ஒன்றுதான் அம்மா. அதைத்தான் வெளியே அனுப்பியிருக்கிறீர்கள்.

விளக்கம் உங்களுக்கே கிடைத்துவிட்டது, பிறருக்காக எழுதுகிறேன். இந்தக் கருவிக்குப் பல்ஸ் என்ற பொருளே கிடையாது, அதற்குத் தெரிந்தது கணங்கள்தான். ஏ ஒரு கணம், பி ஒரு கணம். ஏபி வெளியீடு அவ்விரண்டில் எது முந்தியதோ அதில் ஏறும், எது பிந்தியதோ அதில் இறங்கும். ஏ-தான் முதலில் வர வேண்டும் என்று அதற்கு எந்தக் கட்டாயமும் இல்லை. அதனால்தான் ஏ பி-யைத் தாண்டிய பிறகும் பல்ஸ் வந்தது. தாண்டியதும் பல்ஸ் அடியோடு நின்றிருந்தால் உங்களுக்கு அன்றே தெரிந்திருக்கும். இது வேறு வேடத்தில் தொடர்ந்து வந்தது.

பிழை நிலை சைபர் என்றால் "நீ சொன்னது எனக்குப் புரிந்தது" என்று மட்டுமே பொருள். நீங்கள் சொன்னது அதற்கு நன்றாகவே புரிந்திருக்கிறது.

பாம்புப்பிடாரன் – வெள்ளி, காலை 7.30

என் எலும்புக்கூட்டிலும் ஓட்டை இருக்கிறது. ஏ-வை மட்டும் திரும்பக் கேட்கச் சொன்னேன், மாற்றியதை மட்டும் சரிபார்த்தால் போதும் என்ற நினைப்பில். ஒவ்வொரு தாமதத்திலும் "டி.டி. 2", "டி.டி. 3" இரண்டையும் கேட்டு, எதனோடு கட்டியிருக்கிறது என்ற எண்ணையும் சேர்த்துக் கோப்பில் எழுதுங்கள். நிரலின் தொடக்கத்தில் பி-க்கு "டி.டி. 3, 2, 0.000001". ஏ எங்கே போனாலும் கேட்டின் அகலம் 1 மைக்ரோ நொடி.

நான்காம் நிலை – வெள்ளி, காலை 9.02

என் மறு இணைவைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கேட் 2இல் திறந்து மேலும் மேலும் நீண்டால் செறிவு ஏறி, பிளாஸ்மா அடங்கியதும் சமதளமாவதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? வரைபடத்தைப் பார்த்தவுடன் விளக்கம் சொல்லிவிட வேண்டும் என்ற அரிப்பு எனக்கு இருபது வருடமாக இருக்கிறது.

புதுத்துடிப்பு – வெள்ளி, மாலை 5.20

பி-யை ஏ-வோடு கட்டி, ஆசிலாஸ்கோப்பில் 25ஐயும் கண்ணால் பார்த்துவிட்டு, லேசரோடு ஓட்டினேன். இறங்கிக்கொண்டே போகிறது. கையால் எடுத்த தரவின் மேல் வைத்தால் பொருந்துகிறது. 2.0 புள்ளியும் தன் இடத்தில் இருக்கிறது.

வழிகாட்டியிடம் காலையில் பழைய வரைபடத்தையும் காட்டினேன். சிரித்துவிட்டு, அதை ஆய்வகக் குறிப்பேட்டில் ஒட்டச் சொன்னார்.

பழைய சாலிடர் – வெள்ளி, இரவு 9.15

நல்லது. இன்னும் ஒன்று பாக்கி. உங்கள் சைபர் எங்கே இருக்கிறது? "தாமதம் 0.2" என்று எழுதுகிறீர்கள், எதிலிருந்து 0.2? வெளி ட்ரிக்கர் உள்ளே போய் டி-சைபர் வெளியே வரவே டி.ஜி. 535 ஏறத்தாழ 85 நானோ நொடி எடுத்துக்கொள்ளும். கோஆக்சியல் கேபிள் மீட்டருக்கு ஏறத்தாழ 5. ஒளி தகட்டுக்குப் போய்ச் சேர மீட்டருக்கு 3.3. லேசர் தன் ட்ரிக்கரை ஒளி வருவதற்கு எவ்வளவு முன்னால் தருகிறது என்பது தனிக் கணக்கு. 5 மைக்ரோ நொடியில் இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. 0.2இல் பாதியை விழுங்கிவிடும்.

புதுத்துடிப்பு – சனி, மாலை 4.40

வேகமான ஃபோட்டோடையோடு ஒன்றைத் தகட்டின் அருகே வைத்து, சிதறிவரும் லேசர் ஒளியை ஆசிலாஸ்கோப்பின் ஒரு சேனலிலும், ஏபி-யை மறு சேனலிலும் பார்த்தேன். இரண்டுக்கும் ஒரே நீளக் கேபிள். ஏ-வைச் சைபரில் வைத்தால் கேட் ஒளிக்குப் பின்னால் 140 நானோ நொடியில் திறக்கிறது. ஆக என் "0.2" உண்மையில் 0.34. கையால் எடுத்த தரவு, அதற்கு முன் அந்த அண்ணன் எடுத்த தரவு, எல்லாவற்றுக்கும் இதே கதை. அட்டவணையில் இரண்டு நெடுவரிசை போட்டுவிட்டேன், கருவியில் வைத்த தாமதம் ஒன்று, ஒளியிலிருந்து அளந்த தாமதம் ஒன்று.

கேட்டுப்பார்க்கிறேன் – ஞாயிறு, காலை 11.05

இழையை முழுக்கப் படித்தேன். எங்களிடம் இருப்பது அதே நிறுவனத்தின் டி.ஜி. 645. இதே நிரலை அப்படியே ஓட்டலாமா?

பழைய சாலிடர் – ஞாயிறு, பகல் 12.20

வேண்டாம். அது 488.2க்குப் பிந்தைய பிள்ளை. நட்சத்திரம் போட்டுப் பெயர் கேட்டால் சொல்லும், ஈத்தர்நெட்டிலும் 5025 என்ற போர்ட்டில் பேசும். ஜி.பி.ஐ.பி. மாற்றியே வேண்டாம். தாமதத்துக்கு டி.டி. கிடையாது, டி.எல்.ஏ.ஒய். ஆனால் ஆபத்து கட்டளையில் இல்லை, அது தவறினால் கருவியே முறையிடும். ஆபத்து சேனல் எண்களில். அதில் டி-சைபருக்கு 0, ஏ-வுக்கு 2, பி-க்கு 3, சி-க்கு 4, டி-க்கு 5. ஏ, பி இரண்டும் இரு கருவியிலும் ஒன்றுதான், அதை நம்பி மற்ற எண்களையும் அப்படியே விட்டுவிடுவீர்கள். இங்கே 5 சி, அங்கே 5 டி. இங்கே டி-சைபர் 1, அங்கே 1 என்பது டி-ஒன்று என்ற வேறொன்று. கருவி அப்படியே ஏற்றுக்கொண்டு, பிழையும் காட்டாமல் போகலாம்.

ஐம்பது ஓம் – ஞாயிறு, பகல் 12.24

ஆசிலாஸ்கோப் இருக்கிறதா?

கேட்டுப்பார்க்கிறேன் – ஞாயிறு, பகல் 12.31

பக்கத்து ஆய்வகத்தில் இருக்கிறது. நாளை கேட்டு வாங்கி வருகிறேன்.